கேளாதவளுக்குத் துடக்கில்லை

உருகிய பனி ஓடும் ஆற்றின் கரையில் அக்கா உடுத்த உடுப்போடு குந்தியிருந்து, பிளாஸ்டிக் வாளியால் அள்ளி அள்ளித் தன் தலையில் ஊற்றிக்கொண்ட காலைதான் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருகிறது. ஆனி மாதம்தான். ஆனாலும் அந்த வடக்கு மூலையில் கற்களுக்கிடையே பழைய பனி அழுக்காகக் கிடந்தது. விரலை வைத்தால் விறைத்துப்போகும் தண்ணீர். நான் காம்பிங் காரின் படியில் நின்று தேநீர் குடித்தபடி, "ஏனக்கா, ஆர் செத்ததெண்டு விடியக் காலமை முழுகிறாய்?" என்று கத்தினேன். அவள் தலை நிமிராமல், "உன்னைப் பிடிச்ச சனியன் செத்துப்போச்சு. கதைக்காமல் உள்ளை ஏறு" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று எனக்குக் கல்யாணம். செத்திருந்தது எங்கள் அப்பா. அக்காவுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது. அந்த நாள் முழுவதையும் இந்த ஒரு வித்தியாசத்தோடுதான் நாங்கள் இருவரும் கழித்தோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிசின் லா சப்பலில் தமிழ்க் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அக்காவும் அத்தானும் இருந்த ஒற்றை அறையில், துணிக்கொடியில் ஒரு சேலையைத் தொங்கவிட்டு மறைத்து, அந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன். என் அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சுக்காரர் நிராகரித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போவதைப் பற்றி நினைக்கவே முடியாத காலம். அப்போதுதான் நோர்வேயின் வட நுனியில் மீன் ஆலையில் வேலை செய்யும் ஒருவரின் சம்பந்தம் வந்தது. அவரால் எல்லை தாண்டி வர முடியாது. ஆனி முடிவதற்குள் தாலி ஏற வேண்டும், ஆடி பிறந்தால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளையின் தாய் ஊரிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே பெண் மாப்பிள்ளையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

கொண்டுபோனவர் ஒரு பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கத்தோலிக்கர், மனைவியை இழந்தவர். லா சப்பலில் எல்லோரும் அவரை முசியே என்றே கூப்பிடுவோம். படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்த பழைய காம்பிங் கார் ஒன்று அவரிடம் இருந்தது. சூரியன் மறையாத ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எப்படியும் போகப் போகிறேன், உள்ளே இடம் இருக்கிறது, கிழவனின் வண்டியை எல்லையில் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று அத்தானிடம் சொன்னாராம். அத்தானுக்கு ரெஸ்டோரன்டில் லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஆட்களிடம் கொடுத்தனுப்பிய தாலியையும் கூறைச் சேலையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

அந்தக் கடைசி நாள் காலையில் பெட்ரோல் நிலையம் ஒன்றிலிருந்து அக்கா லா சப்பல் கடைக்குப் போன் எடுத்தாள். அத்தான் அங்கே காத்திருந்து செய்தியைச் சொன்னார். ஊரில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்துவிட்டான். பக்கத்தில் நின்ற முசியே பிற்காலத்தில் எனக்குச் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அக்கா அழவில்லையாம். போனை வைத்தாளாம். பிறகு, "முசியே, அவளுக்குச் சொல்லாதேங்கோ. கேட்டாத்தான் துடக்கு. கேளாதவளுக்குத் துடக்கில்லை" என்றாளாம்.

சாவு விழுந்த குடும்பத்தைப் பிடிக்கும் தீட்டை எங்கள் ஊரில் துடக்கு என்போம். மணமாகாத மகளுக்குத் தகப்பனின் துடக்கு முப்பத்தொரு நாள். அதற்குப் பிறகும் ஆட்டைத் திவசம் முடியும்வரை, அதாவது ஒரு வருடத்துக்கு, அந்த வீட்டில் நல்ல காரியம் கிடையாது. ஆனால் தூரத்தில் இருப்பவரைச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் துடக்குப் பிடிக்கும். அக்கா இந்தச் சட்டத்தை வக்கீல்போலப் பிடித்துக்கொண்டாள். என் காது சுத்தமாக இருக்கும்வரை நானும் சுத்தம், தாலியும் சுத்தம். அவள் காதில் விழுந்துவிட்டது, ஆகவே அவளுக்குத் துடக்கு. சாவைக் கேட்டவள் செய்யவேண்டிய முழுக்கை அந்த ஆற்றில் முடித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். வேண்டுமென்றே எதிரில். அதுவரை பயணம் முழுவதும் என் பக்கத்தில்தான் இருந்தாள்.

அன்று நாங்கள் போன பாதையில் மணிக்கணக்காக ஒரு வீடு இல்லை. இடுப்பளவு வளர்ந்து நின்றுவிட்ட மரங்கள், பிறகு அவையும் இல்லாமல் பாசி படர்ந்த வெட்டவெளி, குளங்கள், மறுபடியும் குளங்கள். கொம்பு வைத்த சாம்பல் மான்கள் நடுரோட்டில் நின்று எங்களைப் பார்த்தன. வண்டியை நிறுத்தினால் கடிக்க வரும் நுளம்புகள் கண்ணாடியில் அப்பின. நான் வண்டியின் ஆட்டத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தலை பின்ன முயன்று, "இஞ்சை வந்து பின்னி விடன்" என்று அக்காவைக் கெஞ்சினேன். "எனக்குக் கை நோகுது, நீயே பின்னு" என்றாள். சீப்பு கீழே விழுந்தது. அதை எடுத்து என் கையில் தராமல், கட்டிலில் எறிந்தாள். முசியே வழியில் இறங்கிப் பறித்துவந்த வெள்ளைப் பூக்களையும் அவள் தொடவில்லை. கல்யாணப் பெண்ணைத் தொடக்கூட மனமில்லாத அக்கா உலகத்தில் எங்கே இருக்கிறாள்? எனக்கு அழுகை வந்தது. பொறாமை என்றுகூட நினைத்தேன், அவளுடைய கல்யாணம் போர்க்காலத்தில் விளக்கணைத்த வீட்டில் அவசரமாக நடந்ததால். அதை வாய்விட்டும் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஓம், பொறாமைதான்" என்றாள்.

மத்தியானம் அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. காய்ந்த பாணும் ஜாமும்தான். "கலியாண நாளிலை பாண் தின்னிற முதல் பொம்பிளை நான்தான், அப்பாட்டைச் சொல்லுறன் பார்" என்று அப்பாவைப்போல நடிக்கத் தொடங்கினேன். அப்பாவுக்கு டெலிபோனில் பேச வராது. கடல் கடந்து போகும் குரல் என்பதால் கத்தித்தான் பேச வேண்டும் என்று நம்பினார். தபால் கந்தோரே அதிரும். நான் கையைக் காதில் வைத்து, "பிள்ளை! அங்கை குளிரோ? குளிரோ எண்டு கேக்கிறன்!" என்று அவருடைய குரலிலேயே கத்தினேன். அக்கா சிரித்தாள். பொய்ச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இன்னொருக்காச் செய்" என்றாள். நான் செய்தேன். அவள் கேட்கக் கேட்க, செத்துப்போன மனிதரை நான் திரும்பத் திரும்பக் கத்தவைத்தேன்.

இப்போது அவள் பாரிசின் புறநகரான சார்செலில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் அவளுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்கள். நான் நோர்வேயிலிருந்து வந்து நிற்கும் சனிக்கிழமைகளில் ரயில் ஏறி லா சப்பலுக்கு வருவாள், முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு இருவரும் எங்காவது தேநீர் குடிப்போம். ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். அதே சிரிப்பு. அவள் சிரிக்கத் தொடங்கினால், இன்றைக்கு யார் செத்தது என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது.

அன்று அந்தச் சிரிப்பை முசியேயால் பொறுக்க முடியவில்லை. ஒரு குளத்தருகே வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண் சிவந்திருந்தது. "இங்கப் பாரும்மா, நான் ஒண்ணு சொல்லணும், உங்க அப்பாவப் பத்தி..." என்று ஆரம்பித்தார். அக்கா இடையில் விழுந்தாள்: "அப்பாவைப் பற்றி இவள் காலமை துடக்கம் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறாள். நேரம் போகுது, எடுங்கோ வண்டியை." முசியே, "பாவம்மா இது. சே பா பியேன், நல்லதில்ல" என்றார். அப்பாவைப்போல நான் கத்தியது தாங்காமல் களைத்து, இதற்கு மேல் வண்டி ஓட்ட மாட்டார் என்று நான் நினைத்துவிட்டேன். பயம் பிடித்தது. பொழுது பிந்தினால், மாப்பிள்ளை மனம் மாறினால், பிரான்சும் விரட்டினால் நான் எங்கே போவேன்? கையெடுத்துக் கும்பிட்டு, "முசியே, இண்டைக்கு மட்டும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கோ, உங்களுக்குப் புண்ணியம்" என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருகினார். சொல்ல வந்தவரின் வாயை என் வாயாலேயே அடைத்தேன்.

பொழுதுபட வேண்டிய நேரத்தில் கடல் வந்தது. மீன் நாற்றமும் சிவப்பு மரவீடுகளுமாய் ஒரு துண்டு ஊர். ஆலைப் பெடியள் தங்கியிருந்த வீட்டின் கூடத்தில் சாமிப் படம் வைத்து, வாழைமரத்தைக் கடதாசியில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். சூரியன் மறையாத ஊரில் ஊர்ப் பஞ்சாங்கத்தின் நல்ல நேரத்தை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்குள் பெரிய சண்டை நடந்து, கடைசியில் யாழ்ப்பாண மணிக்கே கட்டுவது என்று தீர்த்திருந்தார்கள். அக்கா வாசலுக்கு உள்ளே வரவில்லை. குத்துவிளக்கை முசியே ஏற்றினார். தாலித் தட்டை முசியே ஏந்தினார். நிறைகுடத்தை முசியே நகர்த்தி வைத்தார். கழுத்தில் மாதா பதக்கம் தொங்கிய அந்த மனிதர் ஒருவர்தான் செய்தியைக் கேட்டும் எங்கள் துடக்குப் பிடிக்காதவர். எனக்கு அது அவருக்குச் செய்யும் மரியாதையாகத் தெரிந்தது.

மந்திரம் கொஞ்சம் தெரிந்த பெடியன் ஒருவன்தான் ஐயர். தாரை வார்க்கும் இடம் வந்ததும் கொப்பியிலிருந்து நிமிர்ந்து, "பொம்பிளையின்ரை தகப்பன் இருக்கிறாரோ?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் வாசலில் இருந்து அக்காவின் குரல் வந்தது, அந்த வீடே கேட்கும்படி: "இருக்கிறார். ஊரிலை சுகமாய் இருக்கிறார்." முசியே ஏந்தியிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். கை களைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாவின் இடத்தில் அவரே நின்று தண்ணீர் வார்த்தார். முன்பின் அறியாத ஒருவர் குனிந்து என் கழுத்தில் தாலியைக் கட்டினார். அவருடைய விரல்களில் மீன் வெட்டிய தழும்புகள்.

பெடியள் சாப்பாட்டுக்கு இலை இல்லாமல் காகிதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா என்னைக் காம்பிங் காருக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். திரைக்கு வெளியே வெயில் பட்டப்பகலாக எரிந்தது. "அப்பா மோசம் போயிட்டார்" என்றாள்.

"எப்ப?"

"முந்தநாள். எனக்குக் காலமைதான் தெரியும்."

அவள் மெல்லக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "இனி உனக்கு மூண்டு நாள்தான். கட்டின பிள்ளைக்கு மூண்டு நாள்தான் துடக்கு" என்றாள். பிறகு, "இனி உன்னைத் தொடலாம்" என்றாள். அதைச் சொன்னதும் உடைந்தாள். அப்படி ஒரு அழுகையை அவளிடம் நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. மாட்டின் கதறல் போல அடிவயிற்றிலிருந்து வந்தது. வெளியே ஆட்கள் நடமாடினார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள். அழுகைச் சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிட்டால் நல்ல காரியத்தின் நடுவில் சாவு என்று ஆகிவிடும். நான் கூறைச் சேலையின் தலைப்பைச் சுருட்டி அவள் வாயில் அடைத்து, மறுகையால் அவள் பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சத்தம் போடாதை அக்கா, சனம் சாப்பிடுது" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மறைத்ததற்காக எனக்கு அவளோடு கோபம் இல்லை. அப்பாவுக்காக நான் அழ வேண்டிய அந்த நேரத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள், அதற்குத்தான் இன்றுவரை கோபம்.

யாரோ கதவைத் தட்டி, பொம்பிளையைச் சாப்பிட வரட்டாம் என்றார்கள். அக்கா சின்னத் தொட்டியில் குனிந்து முகத்தைக் கழுவினாள். என் முகத்தில் கழுவ ஒன்றும் இருக்கவில்லை. நான் இறங்கிப் போய், என் புருஷனுக்குப் பக்கத்தில் இருந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டேன்.