அட்டை கேட்ட கத்திக்காரர்

பாத்திரக் கடையின் கத்திப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவருக்குக் கத்திக்காரர் என்றே பெயராகிவிட்டது. ஆனால் ஆள் பரம சாது. வீட்டில் மட்டும் எந்தப் பேச்சையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "உன்னைவிட மூணு வயசு பெரியவன் நான். எனக்குத் தெரியாதா?" அதற்குமேல் மனைவி வாயே திறக்கமாட்டாள். அந்த மூன்று வயதை வைத்துத்தான் மனுஷர் குடும்பமே நடத்தினார்.

தெருச் சண்டையில் விடலைப் பையன்கள் கத்தி எடுப்பது அதிகமானதும் புதுச் சட்டம் வந்தது. கத்தி வாங்குகிறவர் யாரானாலும் அடையாள அட்டை காட்ட வேண்டும். பிறந்த தேதியைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாமல் விற்ற எதிர்க்கடை ஊழியருக்கு வேலை போனது. இவருக்கோ ஓய்வுபெற இன்னும் இரண்டே வருஷம்தான்!

அப்புறம் வந்தவர்களையெல்லாம் படுத்தி எடுத்தார். பல்செட் கட்டிய பெரியவர் ஒருவர், "எனக்குக் கொள்ளுப்பேரனே இருக்கான்யா!" என்று கத்தினார்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா. அட்டை இருக்கா?"

ஒருநாள் சோதனைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மனைவி வந்து நின்றாள். வீட்டுக் கத்தி தக்காளியை நசுக்கத்தான் செய்கிறது. ஆறு மாதமாகச் சொல்லியும் இவர் வேறு கொண்டுவரவில்லை.

"அந்தச் சின்னக் கத்தியைக் குடுங்க."

"அட்டை?"

"விளையாடுறீங்களா? நான் உங்க பொண்டாட்டிங்க!"

"யாரா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்." அதிகாரியின் காதில் விழும்படி சொன்னார்.

அவள் முகம் மாறியது. "அப்ப வேணாம். சாயங்காலம் நீங்களே வாங்கிட்டு வாங்க."

அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? "பையிலதான இருக்கு? எடுத்துக் காட்டேன்!"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவள் அட்டையை எடுத்து மேஜைமேல் டப்பென்று வைத்தாள்.

வீட்டுக் காகிதங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு இவர் வேலை முடிந்தது. அதனால் அந்த அட்டையை இப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அடக் கடவுளே, இவரைவிட இரண்டு வயது மூத்தவள்!

"எழுதுங்க சார்," என்றார் அதிகாரி. தேதியைப் பதிவேட்டில் எழுதினார். "கடைன்னா இப்படித்தான் இருக்கணும்," என்று பாராட்டிவிட்டு அதிகாரி கிளம்பிப் போனார்.

"சம்பந்தம் பேசினப்ப எங்கப்பா அஞ்சு வயசைக் குறைச்சுச் சொல்லிட்டார்," என்றாள் அவள் மெதுவாக. "உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீங்க எங்க பேச விட்டீங்க?"

அன்று சாயங்காலம் புதுக் கத்தி தக்காளியை அழகாக நறுக்கியது. துண்டுகள் பெரிதாக இருப்பதாகக் கத்திக்காரருக்குப் பட்டது. பழக்கதோஷம், ஆரம்பித்துவிட்டார்: "உன்னைவிட நான்..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் அப்படி வாய்விட்டுச் சிரித்ததே இல்லை.

"சொல்லுடா தம்பி," என்றாள். "அக்கா கேக்குறேன்."