நண்டு வலையில் புடலங்காய்

எங்கள் காத்திவாக்கத்து மொட்டை மாடியில் எதை நட்டாலும் முதலில் உப்புக்காற்று வந்து விசாரிக்கும். பிறகு அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து உட்காரும். ரோஜா ஒரே மொட்டோடு விடைபெற்றது. கத்திரி காய்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தது. மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் போட்ட புடலை மட்டும், ஏற ஏதாவது கொடு, கொடு என்று காற்றில் கை நீட்டி நின்றது.

பந்தலுக்குக் கயிறு கேட்டுக் கீழ்வீட்டு மீனவரிடம் போனேன். அவர் ஒரு நண்டு வலையையே தூக்கி என் தோளில் போட்டார்.

"இப்ப இதுக்கு வேலை இல்ல மாமு. நண்டு சீசன் வந்தா குடுத்துடு."

கொடுத்துவிடத்தான் நானும் நினைத்தேன். கொடி அப்படி நினைக்கவில்லை. கண்ணிக்குக் கண்ணி சுருள் போட்டு வலை முழுக்க ஏறியது. மாலையானால் நூல் நூலாய்ப் பிரிந்த வெள்ளைப் பூக்கள். பூ உதிர்ந்து மூன்று பிஞ்சுகள். நேராக இறங்கட்டும் என்று பிஞ்சின் நுனியில் கல் கட்டுவார்கள். மீனவரின் மனைவி கல்லைத் தேடவில்லை. பழைய வலையின் ஈயக் குண்டுகளைக் கட்டிவிட்டார். இந்த வயதில் நான் காய்க்க வைத்த முதல் காய்கள்! துணி உலர்த்த வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு காலை மீனவர் படியேறி வந்தார்.

"நண்டு வந்துகினு கீது மாமு. வலைய குடு, நாளைக்கு எறக்கணும்." அண்ணாந்து பார்த்தார். "இன்னாய்யா இது? வலைய காணோம், தோட்டம் கீது!"

"காய் முத்தும்வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"உன் காய்க்கோசரம் நண்டு காத்துக்கினு கெடக்குமா?" என்று இடுப்புக் கத்தியை எடுத்தார். நான் கொடிக்கு முன்னால் போய் நின்றேன்.

பின்னாலேயே வந்த மனைவி அதட்டினார். "கத்திய உள்ள வையி. கொடியோட வலையும் அறுந்துட்டா யாரு தெக்கிறது? நண்ட கழட்ற மாரி கழட்டு."

மூவரும் உட்கார்ந்தோம். சிக்கிய நண்டைக் கால் காலாக எடுப்பதுபோல அவர்கள் சுருள் சுருளாக எடுத்தார்கள். நான் அவசரப்பட்டு இழுக்க, ஓர் இலை கிழிந்தது.

"நண்டா இருந்தா இந்நேரம் விரலு போயிருக்கும்ண்ணா" என்று சிரித்தார் அந்தம்மா.

வெயில் ஏறுவதற்குள் வலை கீழே போய்விட்டது. கொடியைத் துணி காயும் கம்பியில் படுக்கவைத்தோம். என் லுங்கிக்குப் பக்கத்தில், ஈயக் குண்டோடு மூன்று காய்கள். கொடி அன்றெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மீனவர் ஒரு வாளி நண்டோடு என் வாசலுக்கு வந்தார். ஒரு நண்டின் கொடுக்கில் பச்சைச் சுருள் ஒன்று ஒட்டியிருந்தது.

"அவ்ளோ பாத்துக் கழட்டியும் உன் கொடி கடலுக்கு வந்துட்ச்சு, பாரு."

பதிலுக்கு ஒரு காய் தரலாம் என்று மாடிக்கு ஓடினேன். கொடி நிமிர்ந்திருந்தது. புதுச் சுருள் ஒன்று என் லுங்கியின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

லுங்கியை அங்கேயே விட்டுவிட்டேன். அதற்கு எந்த சீசனும் கிடையாது.