சம்மணம் போட்ட ஆடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு எழுதியது என்றால் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துதான். வரி கோணிக்கொண்டு போகிறது. சொல்ல வந்தது பாதியில் மறந்துவிடுகிறது. முன்னது பின்னதாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளை. மனுசருக்குப் பார்க்கிற வைத்தியத்தையும் ஆடு மாட்டுக்குப் பார்க்கிற வைத்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற படிப்பாம் அவளுக்கு. தருவைகுளம் போகிற ரோட்டில் எங்கள் மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஒரு மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் என்ன செய்கிறார், ஆட்டைக் கொண்டுவந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். மற்ற நாளில் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் போய் அதே மாதிரி உட்காருவாளாம். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். போனில் பதிவு போட்டு முன்னால் வைத்ததும் எனக்கு வாய் கட்டிக்கொண்டது. பேச வரவில்லை என்றால் எழுதித் தாருங்கள், எழுதி வாங்கியதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடுவோம், யார் பேரும் இருக்காது என்றாள். பேர் இருக்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது அடி தள்ளுகிற சீக்கு. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை இறக்கம் என்று சொல்கிறார்கள். இதை எழுதும்போதே கை கூசுகிறது. அஞ்சு பிள்ளை பெற்றவள் நான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பச்சை உடம்பு ஆறுவதற்குள் உப்பளத்துக்குப் போய் உப்புச் சுமந்திருக்கிறேன். எப்போது இறங்க ஆரம்பித்தது என்று தெரியாது. முதலில் தும்மினால் இறங்கியது, பிறகு குடத்தைத் தூக்கினால், பிறகு சும்மா நின்றாலே. விரலால் உள்ளே தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பேன். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது அவரிடமும் சொன்னதில்லை. உடன்பிறந்தவளிடமும் சொன்னதில்லை.

ஒரு தடவை சொல்லிவிடுவது என்று துணிந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மருமகளும் வந்தாள். சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாயிற்று. சின்ன வயசுப் பையன் அவர். என்ன செய்யுது என்று கேட்டார். என் பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முட்டியில் ஒரு வலியும் இல்லை, ஆனாலும் முட்டி வலிக்குது என்று சொன்னேன். முட்டிக்கு மாத்திரையும் ஒரு டியூப் தைலமும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் மருமகள் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். டியூப் தீர்ந்தால் அவளே வாங்கி வைப்பாள்.

மாட்டாஸ்பத்திரியில் நான் அப்படி இல்லை. அங்கே எனக்கு வாய் நன்றாகவே வரும். ஆடு எப்படிப் புழுக்கை போடுகிறது, எங்கே வீங்கியிருக்கிறது, கிடா விட்டது எப்போது, என்ன வடிகிறது, என்ன நாற்றம் அடிக்கிறது, எல்லாவற்றையும் நாலு பேர் கேட்கச் சொல்லுவேன். அங்கே வருகிற பொம்பளைகள் எல்லாருமே அப்படித்தான். ஆராய்ச்சிப் பிள்ளை இதைக் கேட்டு வேகமாக எழுதிக்கொள்ளுவாள்.

போன மழைக்காலத்தில் என் வெள்ளாடு ஒன்று, காதில் வெள்ளை விழுந்தது, சினை முற்றியிருந்த நேரத்தில் அடி தள்ளிவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் மருந்து கரைத்த ஊதாத் தண்ணீரால் கழுவினார். வீக்கம் வற்றட்டும் என்று சீனியை அள்ளி மேலே போட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பையப் பைய உள்ளே தள்ளினார். திரும்ப வராமல் இருக்கப் பின்பக்கத்தைச் சுற்றிக் கயிற்றால் ஒரு கட்டுப் போட்டு முதுகில் முடிந்தார். பின்னங்கால் மேடாக இருக்கிற மாதிரி நிறுத்தச் சொன்னார். நான் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தேன். ஆட்டுக்காகப் பார்க்கவில்லை. அவர் கை எங்கே அழுத்துகிறது, முடிச்சு எப்படி விழுகிறது என்று எனக்காகப் பாடம் பண்ணிக்கொண்டேன்.

ஆடு பிழைத்து இரண்டு குட்டி போட்டது. அதைப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது.

வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குளிக்கிற இடத்தில் வைத்து அதேபோல எனக்குச் செய்துகொண்டேன். ஊதாத் தண்ணீருக்கு உரிய மருந்து ஆட்டுக்குக் கொடுத்ததில் மிச்சம் இருந்தது. சீனி அடுப்படியில் இருந்தது. கயிற்றுக்குப் பதிலாகப் பழைய நூல் சேலையைக் கிழித்து, தொடையைச் சுற்றி இழுத்து இடுப்பில் முடிந்தேன். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தேன். முதுகுக்கு நல்லது என்று மருமகளிடம் பொய் சொன்னேன். நாலைந்து நாள் நன்றாகத்தான் இருந்தது. நானே டாக்டர் ஆகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

பிறகு குளிக்கிற இடத்தில் எறும்பு வர ஆரம்பித்தது. சுவரோரம் சாரை சாரையாகப் போகும். மருமகள் எறும்பு மருந்து போட்டாள், மறுபடியும் வந்தது. "அத்தே, குளிக்கிய எடத்துல என்ன சீனி கெடக்கு? யாரு இங்கன வந்து காப்பி குடிக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பேரப்பிள்ளைகளை ஏசினாள். பிள்ளைகள் பாவம், முழித்தார்கள். நான் அரிசி புடைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் இருந்தேன்.

சேலைக்கட்டு உரசி உரசிப் புண் விழுந்தது. ஆட்டுக்குத் தோல் வேறு, அதுவும் சில நாள் கட்டுத்தான். நான் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டு நடந்தேன். புண்ணிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு நாள் நின்று எத்தனையோ வருசம் ஆகிறது. இந்த வயசில் ரத்தம் வந்தால் அது என்ன நோயாக இருக்கும் என்று எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். அப்போதும் பெரியாஸ்பத்திரிக்குப் போகக் கால் வரவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குத்தான் வந்தது.

ஆடில்லாமல் போனேன். ஒரு ஆட்டுக்கு அடி தள்ளிப் புண்ணாகியிருக்கிறது, களிம்பு வேண்டும் என்றேன். காதில் வெள்ளை விழுந்த ஆடா, அது ரோட்டோரம் நன்றாக மேய்ந்துகொண்டிருந்ததே என்றார் டாக்டர். அது இல்லை, வேறு ஆடு என்றேன். கொண்டுவரச் சொன்னார். அந்த ஆட்டால் நடக்க முடியாது என்றேன். எத்தனை ஈத்து ஈன்றது என்று கேட்டார். அஞ்சு என்றேன். மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்டார். தும்மினால் வந்துவிடும், அடக்க முடியாது என்றேன். கேட்கக் கேட்க எனக்கு வாய் தாராளமாக வந்தது. அத்தனை வருசம் சொல்லாததெல்லாம் ஆட்டின் தலையில் ஏறி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு சுகம்கூட இருந்தது என்று சொல்ல வேண்டும். வேறென்ன செய்யுது என்று அவர் கேட்டதும் அதே வேகத்தில் சொல்லிவிட்டேன்.

"சம்மணம் போட்டு உக்கார முடியல சார்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் பின்னால் கோழிக்கூடையோடு ஒருத்தி நின்றாள், எங்கள் தெருக்காரி, கிட்டத்தட்ட என் வயசுதான். அவள்தான் முதலில் சிரித்தது.

"மைனி, சம்மணம் போட்டு உக்காருத ஆடா? எந்தச் சந்தையில புடிச்சிய? வெத்தல போடுமா? எனக்கும் ஒரு குட்டி தாங்க, பேச்சுத் துணைக்கு ஆவும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆம்பிளையும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துபோகும் என்று சிரித்தேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஆச்சி, ஆட்டுக்குன்னா நான் எழுதலாம். இதுக்கு எழுதக் கூடாது. நீங்க பெரியாஸ்பத்திரிக்குத்தான் போணும்," என்றார்.

மூலை ஸ்டூலில் அந்தப் பிள்ளை இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். எழுதாமல் பேனாவை மூடி வைத்திருந்தாள். நான் வேகவேகமாக வெளியே வந்துவிட்டேன். வேகமாக நடந்தால் இறங்கும். இறங்கியது. ரோட்டோரம் உடைமர நிழலில் நின்றேன். அவள் பின்னாலேயே வந்துவிட்டாள்.  நான் அழுது முடிக்கிற வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

பிறகு ரத்தம் வருதா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். ரத்தம் வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும், அது சும்மா புண்ணா வேறு ஏதாவதா என்று பார்த்தால்தான் தெரியும், பொம்பளை டாக்டர் இருக்கிறார்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். இன்று நடந்ததை, நான் சரி என்று சொல்லாமல் அவள் எழுத மாட்டாளாம். அதையும் சொன்னாள். யாரைக் கூட்டிக்கொண்டு போவேன் என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.

வீட்டுக்கு நான் வருவதற்குள் ஆட்டுக் கதை வந்துவிட்டது. கோழிக்கூடைக்காரி வழியிலேயே மருமகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். மருமகள் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"அத்தே, ஒங்க ஆடு சம்மணம் போட்டு உக்காருதாம்லா? நம்ம வீட்டுல எந்த ஆடு அது? அடி தள்ளுச்சாம், அஞ்சு ஈத்தாம்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அஞ்சு என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. என் இடுப்பைப் பார்த்தாள். திரும்பிக் குளிக்கிற இடத்தைப் பார்த்தாள்.

"அத்தே. அந்தச் சீனி?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள், சேலையை மாற்றினாள், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். மறுநாள் போகலாம் என்று நான் சொன்னேன். "எந்திரிங்க" என்று மட்டும் சொன்னாள். ஆட்டோவில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் தன் கையை எனக்குக் கீழே மெத்தை மாதிரி கொடுத்துக்கொண்டு வந்தாள். கை மரத்துப்போயிருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் பச்சைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். மேலே டியூப்லைட். காலைத் தூக்கி வைத்ததும் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். படிக்கிற பிள்ளைகள் ரெண்டு பேர் கூட நின்றார்கள் என்று நினைக்கிறேன், கால் சத்தம் கேட்டது. டாக்டரம்மா, முகத்தை மூடினால் எனக்கொன்றும் இல்லை, மூச்சை மட்டும் நன்றாக விடுங்கள் என்றார். இதில் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டார்.  மருமகள்தான் சொன்னாள், சீனி என்று. பிறகு நான் முந்தானைக்குள் இருந்தே ஊதாத் தண்ணீரையும் சேலைக்கட்டையும் சொன்னேன். ஆட்டுக்குச் செய்ததைப் பார்த்துச் செய்தேன் என்றும் சொன்னேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. வீக்கம் வற்றுவதற்குச் சீனி போடுகிறது எங்கள் வைத்தியத்திலும் உண்டு, ஆனால் அதை நாங்கள்தான் போட வேண்டும், கட்டுத்தான் கெடுத்துவிட்டது என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரைக்கும் மருமகளும் நானும் முகம் பார்த்துப் பேசவில்லை. அவள் சோறு போடுவாள், நான் தின்பேன். கெட்ட நோய் இல்லை, புண்தான் என்று வந்தது. மருந்துத் துணி வைத்து வைத்துப் புண் ஆறியது. பிறகு வளையல் மாதிரி ஒரு ரப்பர் வளையம் உள்ளே வைத்தார்கள். அது தாங்கிக்கொள்கிறது. இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கோழிக்கூடைக்காரி இன்னும் என்னைப் பார்த்தால் உங்க ஆடு சௌக்கியமா என்று கேட்கிறாள். சௌக்கியம் என்கிறேன். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. போன வாரம் தனியாக வந்து, அந்தப் பொம்பளை டாக்டர் என்றைக்கு இருப்பார்கள் என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆராய்ச்சிப் பிள்ளையிடம் எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வெட்கம் போகவில்லை. உடம்பைப் பற்றிய வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இப்போது இருப்பது வேறு. புண் ஆறி வந்த அன்றைக்குச் சாயங்காலமும் மருமகள் தைல டியூபை எடுத்துக்கொண்டு வந்து என் காலைத் தன் மடியில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் தேய்த்தாள்.

இதை முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுக்கப்போகிறேன். எறும்பு முதலில் வந்ததா, நான் செங்கல் வைத்தது முதலிலா, ஆஸ்பத்திரியில் வைத்த மருந்துத் துணிக்கு என்ன பேர், சதை டெஸ்டு முடிவு வர எத்தனை நாள் ஆயிற்று, எல்லாம் அவளுக்குத்தான் சரியாகத் தெரியும். தப்பாக இருப்பதை அவள் பார்த்து அடித்துத் திருத்தட்டும். முட்டியைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் திருத்த வேண்டாம். அது சரிதான்.