முதல் வகுப்பில் மூன்று பேர்

நாடு ஸ்லோவாக்கியா என்றாலும் எங்கள் ஊரில் எல்லாரும் ஹங்கேரியர்கள். ஊர்ப் பள்ளியின் சமையல்காரி எதெல்கா இருபத்தைந்து வருஷமாக ஹங்கேரியர் கட்சிக்கு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள். "நம்ம பிள்ளைங்க நம்ம பாஷையில படிக்கணும்னா இந்தக் கட்சி இருக்கணும்" என்பாள். ஸ்லோவாக் பள்ளியே மேல் என்ற மகளோடு சண்டை போட்டுப் பேத்தியை எங்கள் ஹங்கேரியப் பள்ளியில் சேர்த்தாள்.

அந்த வருஷம் முதல் வகுப்புக்கு அவளோடு சேர்த்து மூன்றே பேர். பிள்ளைகள் போதாதென்று பள்ளியை மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. எதெல்கா, கட்சியின் ஊர்த் தலைவர் பர்னபாஷ் வீட்டுக்கு ஓடினாள். முற்றத்தில் அவருடைய ஆறு வயதுப் பேரன் ஸ்லோவாக் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இவனை எங்க சேர்த்திருக்கீங்க?"

"டவுன்ல, ஸ்லோவாக் ஸ்கூல்ல. மருமக முடிவும்மா. அவன் எதிர்காலத்தையும் பாக்கணும்ல?"

"என் பேத்திக்கு எதிர்காலம் வேண்டாமாண்ணே?"

காப்பி குடிக்கிறாயா என்று கேட்டார் அவர்.

கோடையோடு பள்ளியை மூடிவிட்டார்கள். எதெல்காவின் வேலையும் போனது. பேத்தி டவுனுக்குப் பஸ்ஸில் போய், பாதி புரியாத பாடத்தைக் கேட்டுவிட்டு வருகிறாள்.

அடுத்த தேர்தலில் எதெல்கா யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. ஆனால் ஓட்டுப் போட்டாள், அதே கட்சிக்கு. ஏன் என்று கேட்டேன்.

"வேற யாருக்குப் போடச் சொல்ற? மத்த கட்சிக்காரங்களுக்கு என் பேரையே ஒழுங்காச் சொல்ல வராது. அது பர்னபாஷுக்கும் நல்லாத் தெரியும்."