பேஸ் ஃபேடரில் ஸ்டெல்லாவின் விரல்

1. வரப்பில் உட்கார்ந்தவள்

பாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் ஒருத்தி பந்தலை விட்டு ஓடினால் மைக்செட்காரன் போட்டதைப் போட்டபடி விட்டு எழுந்துவிடுவான். ஒயரில் ஷாக் அடித்ததா, ஸ்பீக்கர் பாக்ஸ் சரிந்ததா என்றுதான் முதலில் தோன்றும். உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களில் சவுண்டு சர்வீஸ் நடத்திப் பிழைத்தவன் நான். திருப்புலிவனத்தில் ஒரு காதுகுத்து விழாவில் அப்படி ஓடினவள் ஸ்டெல்லா. பின்னாலேயே ஓடினேன். வரப்பில் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷாக் அடிச்சிச்சாம்மா?"

"இல்லண்ணே. பாட்டு."

"பாட்டு உன்னை இன்னா பண்ணிச்சி?"

"அந்த ராப் பாட்டு எனக்குப் புடிக்கும்ணே. அது வர்ற வழிதான் ஆவல. தரையில ஏறி, கால் வழியா வந்து, நெஞ்சுக்குள்ள பூந்து எல்லாத்தையும் தட்டுது. அந்த டிக்கு டிக்கு சத்தம் பல்லுல குத்துது. அடுத்த அடி எப்ப வந்து வியும்னு தெரியாம கீது பாரு, அதான் பேஜாரு."

சத்தம் கூடியது என்று சண்டைக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் குறை என்பார்கள், பையன்கள் ஏற்று என்பார்கள், எங்கள் பிழைப்பு மத்தளம்தான், இரண்டு பக்கமும் இடி. ஆனால் ஒரு பாட்டு உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்று யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. பாதி மந்தமான என் காதுக்கு அது தெரியவும் நியாயமில்லை. அவள் பக்கத்தில் வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பந்தலில் அடித்த பேஸ், அந்தக் கனத்த 'தும் தும்', அங்கேயும் வந்தது. சேற்றுத் தண்ணீர் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

2. எபியின் பாட்டு

ஸ்டெல்லாவின் தம்பி எபி. செங்கல் சூளையில் லோடு ஏற்றுவான், மற்ற நேரமெல்லாம் ராப் பாடுவான். காணும் பொங்கல் மேடைக்கு என் செட்டுதான் என்று தெரிந்ததும் தேடி வந்துவிட்டான்.

"அண்ணா, பேஸ் சும்மா நெஞ்சு அதிரணும். எங்க அக்காவப் பத்தின பாட்டு."

அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அதைத்தான் பாட்டாகக் கட்டியிருந்தான். சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று சுருங்கிப்போனான்.

"ஆனா நான் மேடையில ஏறினாலே அக்கா எய்ந்து போயிடுது. நான் பாடறது அதுக்கு அசிங்கமா கீதோ இன்னாவோ."

"கேக்கறதுதானே?"

"எப்படிண்ணா கேக்கறது? இந்த வாட்டியும் எய்ந்து போச்சுன்னா, இத்தோட பாட்டை வுட்டுருவேன்."

காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அக்கா தம்பிக்கு நடுவில் மைக்செட்காரன் வாயைத் திறந்தால் நன்றாகவா இருக்கும்? அவளே சொல்லட்டும் என்று விட்டேன்.

3. டிரைவர் சீட்டு

விழா அன்று மதியம் டெஸ்டிங் பார்க்கையில் ஸ்டெல்லா தானாகவே வந்தாள்.

"பேஸை மொத்தமா கட் பண்ணிடட்டுமா?" என்றேன்.

"வாணாம்ணே, அது இல்லாட்டி அவன் பாட்டு சப்புன்னு போயிடும். போன்ல சன்னமா வெச்சுக் கேட்டுட்டேன். ஊரு கேக்கசொல்ல நானும் அங்க இருக்கணும்."

"காதுல பஞ்சு?"

"பஞ்சு காதுக்குத்தான். நெஞ்சுக்கு இன்னா வெக்கறது?"

அந்த நேரம் என் கூட வேலை பார்க்கும் முருகன் பேஸைச் சட்டென்று ஏற்றினான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக அதே பேஸை நான் ஏற்றும்போது ஒருநாளும் அப்படி ஆனதில்லை. மலைப்பாதை பஸ்ஸில் எல்லாரும் வாந்தி எடுப்பார்கள், டிரைவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அதுதான் எனக்குத் தோன்றியது.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு விழாவுக்கும் முன் பூஜை போட்டு, மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு ஃபேடருக்கும் சந்தனப் பொட்டு வைப்போம். அதற்குப் பிறகு வெளியாள் கை படக்கூடாது. கல்யாண மாப்பிள்ளையின் கையையே தட்டிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு, மேடை ஓரம் பாக்ஸுக்குப் பின்னால், மிக்சர் முன்னால் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இது பேஸுக்கு மட்டும் தனி ஃபேடர். மேல தள்ளினா வரும், கீய இழுத்தா போவும். இன்னிக்கு உன் கையில கீது," என்றேன்.

முருகன் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான்.

4. ஏரியில் இருந்து திரும்பியது

பொழுது சாய்ந்தபோது, மைதானத்தை ஒட்டிய ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கியது. மைதானத்துப் புழுதியும் பனியும் கலந்து விளக்கெல்லாம் மஞ்சளாய்க் கரைந்து நின்றன. எபி ஏறினான். பேஸ் இல்லை, அவன் குரல் மட்டும் தனியாக மிதந்தது.

"நடவு வயலு, காலு முயுக்க சேறு
இடுப்பு மேல நான், எனக்கு அதான் தேரு"

"மைக்செட்டு! பேஸ் இன்னாச்சி?" என்று விசிலடித்தார்கள். நான் ஃபேடர் பக்கம் போகாமல் கையைக் கட்டிக்கொண்டேன். எபி முன்வரிசையைப் பார்த்தான். அக்காவின் நாற்காலி காலி. அடுத்த வரியில் அவன் குரல் உடைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விரலால் எனக்கு 'ஏத்து' என்று காட்டத் திரும்பியவன் அவளைப் பார்த்தான். கண்ணை மூடி, ஒரு கையை நெஞ்சில் வைத்து, ஒரு விரலை ஃபேடரில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த விரல் மெதுவாக மேலே போனது. பேஸ் தரையிலிருந்து தண்ணீர் ஊறுவது போல வந்தது. கொஞ்சம் நிறுத்தினாள், மூச்சு விட்டாள், மறுபடி தள்ளினாள். கடைசி அடியில் நானே வைக்கத் தயங்குகிற உயரத்துக்குப் போய்விட்டாள். சத்தம் ஏரி மேல் போய், எதிர்க்கரையைத் தொட்டு, தாமதமாகத் திரும்பி வந்தது. நெஞ்சில் வைத்திருந்த கை எப்போதோ மடியில் இறங்கியிருந்தது.

பாட்டு முடிந்ததும் எபி மைக்கோடு இறங்கி ஓடி வந்தான்.

"எய்ந்து போவலியாக்கா?"

"எங்கடா போவறது? அதிர்வு தாங்காமதான்டா போவேன், இன்னிக்கு கை இங்க மாட்டிக்கினு கீதே," என்றாள், அழுதுகொண்டே.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பந்தலை விட்டு யாராவது எழுந்து போனால், பாட்டு பிடிக்காமல் போகிறார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். பின்னாலேயே போய்க் கேளுங்கள். முடிந்தால் ஒரு நாற்காலி போடுங்கள்.

மறுநாள் செட்டைத் துடைக்கும்போது பார்த்தேன். எல்லா ஃபேடரிலும் பொட்டு இருந்தது, பேஸ் ஃபேடரில் மட்டும் அவள் விரல் வியர்வையில் அழிந்திருந்தது. முருகன் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தான். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.