கட்டிலுக்குக் கீழே ஒரு அப்பா

போன புதன்கிழமை காலை. சைக்கிளைக் கேற்றில் சாத்திவிட்டு ஒரு பெண் நேரே என் முன்னால் வந்து நின்றார். வணக்கம்கூட இல்லை.

"ரீச்சர், என்ரை மனுசனை என்ன செய்தனீங்கள்?"

பல்கலைக்கழகத்தில் குடும்ப வாழ்க்கைக் கல்வி கற்பிக்கும் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? அதுவும் என் கணவர் பக்கத்தில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது!

விசாரித்தேன். பெயர் நாகேஸ்வரி, ஊர் சண்டிலிப்பாய். அங்கே பெற்றோருக்கு நான் நடத்திய வகுப்புக்கு அவருடைய கணவர் சிவபாதம் வந்திருந்தாராம். புகையிலைத் தோட்டக்காரர். அவர்களின் மகள் வதனிக்கு ஏழு வயது. குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் கட்டிலுக்குக் கீழே புகுந்துவிடுவாள். ஒளிந்துகொள்ள வெட்டிய பங்கர் குழிக்கு வரவே மாட்டாள். அப்பா காலைப் பிடித்து இழுப்பார், கத்துவார். பிள்ளை இன்னும் உள்ளே போகும்.

வகுப்பில் நான் என்ன சொன்னேன்? பயந்த பிள்ளையை ஏசாதீர்கள், பக்கத்தில் போங்கள், உங்களுக்கும் பயம் உண்டென்று சொல்லுங்கள்... அவ்வளவுதான். எவ்வளவு பக்கத்தில் என்று சொல்லவில்லை — அதுதான் பிழை.

"ஞாயிற்றுக்கிழமை பொம்மர் வந்தது. இவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழை பூந்திட்டார், ரீச்சர்! ஒண்டை இழுக்கவே எனக்குச் சீவன் போகும். இப்ப ரெண்டு!"

"உள்ளுக்கை போய் என்ன சொன்னவர்?"

"'அப்பாவுக்கும் பயமாக் கிடக்கு பிள்ளை' எண்டு... பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்."

"வதனி?"

நாகேஸ்வரியின் குரல் இறங்கியது.

"அவள் வெளியிலை வந்திட்டாள். 'பயப்பிடாதேங்கோ அப்பா, வாங்கோ, பங்கருக்குப் போவம்' எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிறாள். இவர் தொந்தியோடை இறுகிப்போனார். நான்தான் கட்டிலைத் தூக்கினனான்."

சிரித்துவிட்டேன். பிள்ளை பங்கருக்குப் போய்விட்டாளே! பிறகு என்ன கோபம்?

அவர் சிரிக்கவில்லை.

"அவளின்ரை பயத்தை இவர் கேக்கிறார். இவரின்ரை பயத்தை அவள் கேக்கிறாள். எனக்குப் பயமில்லையெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

குடும்பம் என்று பாடம் எடுக்கும்போது பிள்ளையைப் பார்க்கிறோம், அப்பாவைத் திருத்துகிறோம். அம்மா எப்படியும் சமாளிப்பாள் என்று விட்டுவிடுகிறோம்.

"இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார். அழுதழுது கதைத்தார், நடுவில் கட்டிலை நினைத்துச் சிரித்தார், மறுபடி அழுதார்...

வீட்டிலும் ஓயாமல் பாடம் எடுக்கிற நான், அவர் எழும்பும்வரை வாயே திறக்கவில்லை. கண்ணால் கண்ட என் கணவர் இன்னும் நம்பவில்லை.