தாயுமானவருக்கு ஒரு தார்

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவருக்கு வாழைத்தார் ஏற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டது, தம்பி வயிற்றில் இருந்தபோது. காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட்ட ஒரு தாயின் உருவத்தில் வந்து, அவள் மகளுக்குப் பிரசவம் பார்த்த சாமி அவர். தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்லபடி வீடு வந்தால் அவருக்கு ஒரு தார் என்று எங்கள் பக்கத்தில் வேண்டிக்கொள்வார்கள்.

அம்மா மட்டும் வந்தாள். தம்பி பிறந்த மறுநாளே போய்விட்டான். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், தேறியதும் தூக்கி வரலாம் என்றார் அப்பா. நம்பினேன். நம்பிவிட்டு, அங்கே கரண்ட் போனால் தம்பி என்ன செய்வான் என்று கவலைப்பட்டேன்.

கொல்லையில் பூவன் தார் முற்றியபோது அத்தைதான் ஆரம்பித்தாள்.

"இனிமே எதுக்குடி தாரு? கேட்டதக் குடுத்தாரா அவரு?"

"பாதி குடுத்தாரே அண்ணி. அதுக்காகப் பாதித் தாரா ஏத்த முடியும்?" என்றாள் அம்மா.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அம்மா சொன்னது சரியாகவே பட்டது. மீதிப் பாதிதான் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறதே. தாரைக் கொடுக்காமல் விட்டு, சாமி கோபித்துக்கொண்டால்?

வலங்கைமான் பக்கத்தில் பிறந்த எனக்கு அதுவரை ஆற்றங்கரைதான் உயரம். மலைப் பாறைக்குள் குடைந்த படிகளில் அப்பா தாரைத் தோளில் வைத்து ஏறினார். நன்றாகப் பழுத்த தார். காம்பு விட்டு ஒரு பழம் உதிர்ந்தாலும் வேண்டுதல் குறைந்துவிடும் என்று நானாக முடிவுகட்டி, இரண்டு கையையும் ஏந்தியபடி பின்னாலேயே ஏறினேன்.

"தாருக்குப் போலீஸ் பந்தோபஸ்தா பாப்பா?" என்று இறங்கி வந்த ஒருவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறினாள்.

சன்னிதியில் குருக்கள் தாரை வாங்கி வைத்தார்.

"குழந்தை எங்கே? கூட்டிண்டு வரலையா?"

அம்மாவின் கை என் தலைமேல் விழுந்தது.

"இதோ, இவதாங்க."

"இவ்ளோ பெரியவளா! வேண்டுதலை இத்தனை வருஷமா தள்ளிப் போட்டேள்?"

"ஆமாங்க. தள்ளிப் போயிருச்சு."

அவர் பெயர் கேட்டார். அம்மா என் பெயரைச் சொன்னாள். நட்சத்திரம் கேட்டார். "பூசம்" என்றாள்.

நான் சித்திரை. பூசம் தம்பியுடையது. "அம்மா, எனக்கு..." என்று ஆரம்பித்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற அளவுக்குப் பிடித்தார். அதற்குள் என் பெயரும் தம்பியின் நட்சத்திரமும் சேர்ந்து மந்திரத்தோடு உள்ளே போய்விட்டன.

இறங்கும்போது எனக்கு அதே நினைப்பு. இந்த அர்ச்சனை யாரைப் போய்ச் சேரும்? பெயரைப் பார்த்து என்னிடம் வந்துவிட்டால், தேற வேண்டிய அவன் எப்படித் தேறுவான்? அப்பாவிடமே கேட்டுவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் போவும். படியப் பார்த்து இறங்கு" என்றார் அப்பா.

தஞ்சாவூர் பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தம்பிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை; அம்மா வேறு என்னதான் சொல்வாள்? அவன் வருவதற்குள் ஒரு பெயரைத் தேடி வைத்துவிட்டால் அடுத்த தடவை இந்தக் குழப்பம் இருக்காது. எனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும், "நல்லாருக்கு" என்றாள்.

எல்லாப் பெயரையும் நல்லாருக்கு என்றால் எதைத்தான் வைப்பது என்று எனக்குக் கோபமாக வந்தது.